துரையும் கிராணியும்

பீடோருக்குப் பெருமை மூன்று: வாத்துக்கால் மீ, கொய்யா, பெத்தாய். நாலாவதாக ஒன்றைச் சேர்க்கலாமென்றால் எங்கள் ஊர்க்காரர்களின் 'நட்பு வட்டாரம்'. கோப்பிக்கடையில் எந்தப் பிரபலத்தின் பேரை எடுத்தாலும் பக்கத்து மேசையில் ஒருவர் நிமிர்ந்து, "அவரா? நமக்கு ரொம்ப வேண்டியவர்லா" என்பார். விசாரித்தால், அந்தப் பாடகர் எப்போதோ ஈப்போவுக்குக் கச்சேரி செய்ய வந்தபோது கழிவறைக்குப் போகும் வழியை இவர்தான் காட்டியிருப்பார். அன்றிலிருந்து நட்பு. பாடகருக்கு மட்டும் அது தெரியாது.

இந்த வியாதி வானொலியில் இன்னும் முற்றிப்போய்க் கிடக்கிறது. மைக்கைப் பிடித்தவர் எவரும் "என் இனிய நண்பர்", "என் ஆருயிர்ச் சகோதரர்" என்று தொடங்காமல் ஒரு பாட்டையும் ஒலியேற்றுவதில்லை. பாட்டு ஒலியேறும் நேரத்தைவிடப் பாடகரும் அறிவிப்பாளரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்கும் படம் கைப்பேசிகளில் சுற்றும் நேரம் அதிகம்.

ஆகவே, வானொலிக்காரர் ஒருவருக்கும் முரட்டு ராக் பாடகர் ஒருவருக்கும் இடையே 26 ஆண்டு நீடித்த நட்பின் வரலாற்றை நம் மக்களுக்குச் சொல்வது என் கடமை என்று முடிவு செய்தேன். வரலாற்றில் உள்ள ஒரே சிக்கல், இருவரும் அநேகமாகப் பேசிக்கொண்டதே இல்லை.

வானொலிக்காரர் பெயர் ஜான் பீல். பாடகர் பெயர் மார்க் ஈ. ஸ்மித். இருவரும் இங்கிலாந்துக்காரர்கள். "அவனுங்க கதை நமக்கு எதுக்கு?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கதை சரியாகப் புரியாது என்பது என் கட்சி. வெள்ளைக்காரர்களே இதைத் தப்பாகத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

முதலில் பீல். 1939 ஆகஸ்டு 30ஆம் தேதி, இரண்டாம் உலகப் போர் வெடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, லிவர்ப்பூல் பக்கம் ஹெஸ்வால் என்ற ஊரில் பிறந்தார். முழுப்பெயர் ஜான் ராபர்ட் பார்க்கர் ரேவன்ஸ்கிராஃப்ட். பெயரைக் கேட்டாலே காக்கிக் கால்சட்டை, தொப்பி, கையில் பிரம்பு எல்லாம் கண்ணுக்கு வருகிறதா? வரவேண்டும். அப்பா பருத்தி வியாபாரி. மகன் ஷ்ரூஸ்பரியில் காசுள்ள பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் படித்தான், சுமாராக. கட்டாய ராணுவ சேவையையும் முடித்தான், அதுவும் சுமாராக. அந்தக் காலத்தில் படிப்பும் வராத, வியாபாரமும் வராத இப்படிப்பட்ட நல்ல குடும்பத்துப் பிள்ளைகளை வெள்ளைக்காரர்கள் எங்கே அனுப்புவார்கள் என்று தாப்பாவிலும் சிலிம் ரீவரிலும் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். கப்பலேற்றி மலாயாவுக்கு அனுப்பி, சின்ன துரை ஆக்குவார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று கொட்டாவி விடுவதற்கு மாதச் சம்பளம், பங்களா, சமையல்காரர்.

ரேவன்ஸ்கிராஃப்ட் அப்பாவின் தொழில் ரப்பராக இருந்திருந்தால் ஜான் பீல் பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாட்டியிருப்பார். நாமும் அவரை "தொரை" என்று கூப்பிட்டு, அவர் போன பிறகு அவர் காடியைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருப்போம். பருத்தியாகப் போனதால் 1960இல் அமெரிக்காவின் டல்லாஸுக்கு அனுப்பினார்கள். பேராக்குக்கு நஷ்டம், இசைக்கு லாபம்.

டல்லாஸில் பருத்தி ஒத்துவரவில்லை. காப்புறுதி விற்றுப் பார்த்தார். 1963 நவம்பரில் அதே ஊரில் அதிபர் கென்னடியைச் சுட்டுக் கொன்றார்கள். ஊரே கதிகலங்கி நிற்க, நம் ஆள் 'லிவர்ப்பூல் எக்கோ' பத்திரிகை நிருபர் என்று வாய்கூசாமல் சொல்லிக் காவல் நிலையத்துக்குள் நுழைந்து, கொலைகாரன் என்று பிடிபட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டைப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தியபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். அந்தப் படச்சுருளில் இன்றைக்கும் பீல் இருக்கிறார். பீடோர்க்காரர்கள் கச்சேரி மேடையில் பின்னால் நின்று படத்தில் விழுவார்கள். இவர் அமெரிக்க வரலாற்றில் விழுந்திருக்கிறார்.

அடுத்த வருடம் பீட்டில்ஸ் பைத்தியம் அமெரிக்காவைப் பிடித்தது. லிவர்ப்பூல் பக்கத்து ஆள் என்ற ஒரே தகுதியில் இவரை வானொலிக்குக் கூப்பிட்டார்கள். பீட்டில்ஸ் நால்வரையும் பக்கத்து வீட்டுப் பையன்கள்போல் இவருக்குத் தெரியும் என்று டல்லாஸ் பெண்பிள்ளைகள் நம்பினார்கள். இவரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. வானொலித் தொழிலின் அடிப்படைப் பாடத்தை முதல் நாளே கற்றுக்கொண்டார் பாருங்கள்.

1967இல் ஊர் திரும்பி, கடலில் நங்கூரமிட்டு நின்ற ரேடியோ லண்டன் என்ற கள்ள வானொலிக் கப்பலில் ஏறினார். அங்கேதான் 'பீல்' என்று பெயர் மாறியது. நடுநிசி நிகழ்ச்சி ஒன்று நடத்தினார். நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் 'நறுமணத் தோட்டம்'. ரப்பர் புகைக்கூடத்துப் பக்கம் ஒருநாளாவது மூக்கைக் காட்டியிருந்தால் தோட்டத்தோடு நறுமணத்தைச் சேர்த்திருக்க மாட்டார். அந்த ஆகஸ்டில் சட்டம் போட்டுக் கள்ள வானொலிகளை மூடினார்கள். செப்டம்பர் 30ஆம் தேதி பிபிசி ரேடியோ 1 தொடங்கியது. மூடிய கப்பல்களிலிருந்து கரையேறிய அறிவிப்பாளர்களை அப்படியே எடுத்துக்கொண்டது. முதல் நாள் சேர்ந்த கூட்டத்தில் சாகும்வரை அங்கேயே இருந்தவர் பீல் ஒருவர்தான்.

அவர் பாணி விசித்திரமானது. குரலில் உற்சாகம் கிடையாது. மளிகைச் சீட்டு வாசிக்கிற தொனி. இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிடுவார். பாதியில்தான் தெரியும். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி சரியான வேகத்தில் போடுவார். சில பாட்டுகளுக்கு எது சரியான வேகம் என்பது கடைசிவரை அவருக்கும் தெரியாது. நாடு முழுவதிலுமிருந்து பையன்கள் மூட்டை மூட்டையாக ஒலிநாடா அனுப்பினார்கள். அவற்றைக் கேட்பதற்கே ஒரு ஆயுள் போதவில்லை. ஆனாலும் கேட்டார். பிபிசியின் உலகச் சேவையிலும் அவருக்கு நிகழ்ச்சி இருந்தது. சிற்றலை ரேடியோ வைத்திருந்த யாரும் பீடோர் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்தே அவரைக் கேட்டிருக்கலாம். நம் வீட்டு முள் சிலோனுக்கும் கோலாலம்பூருக்கும் இடையில் மட்டும்தான் ஓடியது.

இந்தக் கதையில் ஒரு முன்கதை உண்டு; அதைச் சொல்லாமல் ஸ்மித்துக்குப் போகக்கூடாது. பீலுக்கு உண்மையிலேயே ஒரு ஆருயிர் நண்பர் இருந்தார். பெயர் மார்க் போலன். சுருள் முடி, பூப்போட்ட சட்டை, தேவதைக் கதைகளில் வருகிற மாதிரிப் பாட்டு. 'டிரனோசாரஸ் ரெக்ஸ்' என்ற குழுவை வைத்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டுப் பாடுவார். யாரும் சீந்தவில்லை. பீல் சீந்தினார். வானொலியில் போட்டார், தான் போகிற நிகழ்ச்சிக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனார், வீட்டில் சேர்ந்து சாப்பிட்டார். 1968இல் வந்த அந்தக் குழுவின் முதல் நீளத்தட்டில் பீலே ஒரு குழந்தைக் கதையை வாசித்திருக்கிறார். இன்கா பேரரசன் அட்டாவால்பாவின் பெயர் தாங்கிய பாட்டு. அதன் கடைசியில் பிராணி ஒன்றைப் பற்றிய கதை. வானொலிக்காரர் பாடகரின் தட்டிலேயே இடம்பிடித்துவிட்டார் என்றால் தோளில் கைபோடும் கலையில் அதற்கு மேல் ஒரு படி கிடையாது.

பிறகு போலன் மின்கிட்டாரை எடுத்தார், முகத்தில் மினுமினுப்புப் பூசினார், குழுவின் பெயரை 'டி. ரெக்ஸ்' என்று சுருக்கினார். 1971இல் 'கெட் இட் ஆன்' பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது. பீலுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பீல் தொலைபேசியில் கூப்பிட்டால், போலன் வேலையாக இருக்கிறார், அவரே கூப்பிடுவார் என்று மறுமுனையில் யாரோ சொல்வார்களாம். போலன் கூப்பிடவேயில்லை. 1977 செப்டம்பரில் ஒரு காடி விபத்தில் போய்ச் சேர்ந்தார்.

(அதே 1971இல் பீல் இன்னொரு நட்புக் கடனையும் கழித்தார். ராட் ஸ்டூவர்ட் தொலைக்காட்சியில் 'மேகி மே' பாடியபோது, பக்கத்தில் உட்கார்ந்து மாண்டலின் வாசித்தது பீல். மாண்டலின் வாசிக்க அவருக்குத் தெரியாது. கையை மட்டும் ஆட்டினார். மறைக்க முயன்றதாகவும் தெரியவில்லை.)

பாட்டைப் பிடித்து, பாடினவனையும் பிடித்து, கடைசியில் பாட்டும் போய் ஆளும் போன அனுபவம் மனுசனைச் சும்மா விடுமா? அதற்குப் பிறகு பீல் பாடகர்களிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றார். என் கணக்கில், மலாயாவுக்கு வந்திருந்தால் கப்பலிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: துரை லயத்துப் பக்கம் வந்து உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் மறுநாள் பெரட்டில் யாரும் பயப்பட மாட்டார்கள். பீல் அதை லண்டனில் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டார்.

இப்போது மேடைக்கு வருகிறார் கிராணி.

மார்க் எட்வர்ட் ஸ்மித், பிறப்பு 1957 மார்ச் 5, சால்ஃபோர்டு. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் ஊர். பள்ளியை விட்டதும் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்கெழுதுகிற வேலை. அதாவது அசல் கிராணி. பேரேட்டில் மூட்டைக் கணக்கு, ஓய்வு நேரத்தில் அலுவலகத் தட்டச்சில் பாட்டு. எங்கள் தோட்டத்துக் கிராணிகளும் அலுவலகத் தட்டச்சில் சொந்த வேலைதான் பார்த்தார்கள், மனுப் போட்டார்கள். 1976இல் ஸ்மித் நண்பர்களோடு ஒரு குழு சேர்த்தார். ஆல்பேர் காம்யுவின் நாவல் ஒன்றின் பெயரைச் சுட்டுக் குழுவுக்கு 'த ஃபால்' என்று வைத்தார்கள். பாடுவார் என்று சொன்னால் பாடகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு 'ஆ' சேர்த்து, யாரையோ திட்டுவதுபோல் சொல்லிக்கொண்டே போவார். பின்னால் கிட்டார்கள் ஒரே சுருதியை விடாமல் அரைத்துக்கொண்டிருக்கும். கேட்டுப் பழகாதவருக்குத் தலைவலி. பழகினவருக்கு வேறு எதுவும் பிடிக்காது. பீல் இரண்டாவது வகை.

குழு வைத்து நடத்துவதில் ஸ்மித் கிராணி இல்லை, மண்டோர். அதிலும் கெட்ட மண்டோர். 40 ஆண்டில் குழுவுக்குள் வந்துபோனவர்கள் 60 பேருக்கும் மேல். கச்சேரி நடக்கும்போதே கிட்டார்காரரின் ஒலிபெருக்கியைத் திருகிவிடுவார். விசைப்பலகைக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குறுக்கே போய்க் கையை வைப்பார். சாலட் சாப்பிட்டதற்காக ஓர் ஒலிப்பதிவாளரை வேலையை விட்டு நீக்கினார் என்று ஒரு கதை உண்டு. பீடோரில் கொய்யா சாப்பிட்டான் என்று ஒருவனை வேலையை விட்டு எடுத்தால் ஊரே திரண்டு வரும். காதலி மேலாளர், பிறகு மனைவி கிட்டார், அதற்குப் பின் வந்த மனைவி விசைப்பலகை என்று குடும்பத்தையும் பெரட்டில் நிறுத்தியவர். 1998இல் நியூயார்க் மேடையில் சொந்தக் குழுவோடு அடிதடி, மறுநாள் போலீசு. 19 வருடம் கூட இருந்த பாஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹான்லி அத்தோடு கும்பிடு போட்டார். டேவ் சிம்ப்சன் என்ற பத்திரிகையாளர், போனவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து 2008இல் ஒரு புத்தகமே போட்டார். நீக்கப்பட்டவர்களில் ஒருவரான மார்க் ரைலி பிற்பாடு பிபிசியில் வானொலி அறிவிப்பாளர் ஆகிவிட்டார் என்பது இந்தக் கதைக்குக் கடவுள் போட்ட அடிக்குறிப்பு.

இப்படிப்பட்ட ஆளோடுதான் துரைக்கு நட்பு.

தொடக்கம் 1978. பிபிசிக்கு அப்போது ஒரு தலைவலி இருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டுப் போடக்கூடாது என்று இசைத்தட்டுக் கம்பெனிகளோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் உடன்பாடு. தட்டையே ஓட்டிக்கொண்டிருந்தால் நேரில் வாசிப்பவன் பிழைப்பு என்னாவது என்பது சங்கத்தின் வாதம். தொழிற்சங்கம் நடத்திய நம் தோட்டத்துப் பெரியவர்கள் கேட்டால் கைதட்டுவார்கள். மிச்ச நேரத்தை நிரப்பக் குழுக்களை பிபிசி தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே கூப்பிட்டு வாசிக்க வைத்தது. அப்படி நிரப்பியதுதான் 'பீல் செஷன்'. 1967 முதல் 2004 வரை 2,000க்கு மேற்பட்ட கலைஞர்கள், 4,000க்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகள். புகழ்பெற்ற ஒரு கலைவடிவம் சங்கச் சட்டத்தின் புண்ணியத்தில் பிறந்தது; எந்த அமைச்சரும் திட்டமிடவில்லை.

முறை ஏறத்தாழ இதுதான்: பகலில் லண்டன் மைடா வேல் கூடத்துக்கு வரவேண்டும்; சாமானை இறக்கி, நாலு பாட்டு வாசித்து, ராத்திரிக்குள் எல்லாம் கலந்து முடித்துக் கிளம்ப வேண்டும். நன்றாக வந்ததா, இன்னொரு நாள் பார்க்கலாமா என்ற பேச்சே கிடையாது. பால்மரம் வெட்டுகிறவனுக்கும் அப்படித்தான், வெயிலேறுவதற்குள் தன் நிரையை முடித்தாக வேண்டும்.

த ஃபால் குழுவின் முதல் ஒலிப்பதிவு 1978 மே 30ஆம் தேதி. அன்றைக்குக் காலையில் வேனில் ஏற வந்த பாஸ் கிட்டார்காரர், ஓட்டுநர் போட்டிருந்த பூப்போட்ட ஹவாய்ச் சட்டையைப் பார்த்துச் சகிக்காமல் குழுவை விட்டே விலகிவிட்டார் என்று சொல்கிறார்கள். பிபிசியின் முதல் வாய்ப்பு, பிரிட்டன் முழுக்க ஒலிபரப்பு, எல்லாம் ஒரு சட்டைக்காகப் போயிற்று. அதிலும் கூத்து என்னவென்றால், அந்தச் சட்டைக்காரரே கூடத்துக்குள் போய்க் கொங்கா மேளம் தட்டினாராம். ஸ்மித் பெரட்டில் ஆள் குறைந்தால் ஓட்டுநருக்கும் கத்தி கொடுத்துவிடுவார்.

அன்றைக்குப் பீல் வந்து கட்டிப்பிடித்தாரா, கைகுலுக்கினாரா என்று கேட்பீர்கள். கூடத்திலேயே அவர் இருந்திருக்கத் தேவையில்லை. பலர் நினைப்பதுபோல் பீல் செஷனில் பீல் இருப்பது வழக்கம் இல்லை. பதிவு செய்கிற தயாரிப்பாளர் வேறு. அந்த வேலையை நெடுங்காலம் பார்த்தவர்களில் ஒருவர் டேல் கிரிஃபின், மாட் த ஹூப்பிள் குழுவின் பழைய மேளக்காரர். பீல் தன் நிகழ்ச்சி அறையில் இருப்பார். நாடா வந்து சேரும், போடுவார், இரண்டு வார்த்தை முனகுவார். அந்த முதல் பதிவு ஜூன் 15ஆம் தேதி ஒலியேறியது.

பிறகு அடுத்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. கிட்டார்காரர் மாறுவார், மேளக்காரர் மாறுவார், மனைவி மாறுவார். ஒலிப்பதிவு மட்டும் வருடத்துக்கு ஒன்றென வந்துகொண்டே இருந்தது. மொத்தம் 24. வேறு எந்தக் குழுவுக்கும் பீல் இவ்வளவு கொடுக்கவில்லை. இந்தக் குழு எப்போதும் வேறாகவே இருக்கிறது, எப்போதும் அதுவாகவே இருக்கிறது என்பார். த ஃபால் இசைத்தட்டில் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் அவர் பதில், எல்லாவற்றையும் வாங்கு. இது பரிந்துரை அல்ல, தண்டனை. அந்தக் குழு வருடத்துக்கு ஒரு தட்டு போடும்.

சஃபோக்கில் கிரேட் ஃபின்பரோ என்ற கிராமத்தில் பீலின் வீடு. மனைவி ஷீலா. பிள்ளைகளுக்கு லிவர்ப்பூல் பந்தாட்டக் குழு சம்பந்தப்பட்ட பெயர்களையெல்லாம் நடுப்பெயராக வைத்துப் பழிதீர்த்தவர். வீட்டில் 26,000 நீளத்தட்டும் 40,000 ஒற்றைத்தட்டும் இருந்ததாகக் கணக்கு. ஒவ்வொரு நீளத்தட்டுக்கும் ஓர் அட்டை. அதில் அவரே தட்டச்சில் விவரம் அடித்து வரிசையாக அடுக்கியிருந்தார். உலகத்து இசைக்கெல்லாம் கணக்கெழுதிய துரை. கிராணி வேலையைத் துரை பார்த்துக்கொண்டிருக்க, கிராணி அங்கே தவரணையில் உட்கார்ந்திருந்தார் என்பது இந்த நட்பின் வேலைப் பகிர்வு.

நேரில்? விரல்விட்டு எண்ணுகிற சந்திப்புகள்தான். 1989இல் பீலின் 50ஆவது பிறந்தநாள் விழாவில் த ஃபால் வாசித்தது. அங்கேயாவது தோளில் கைபோட்டு ஒரு மணி நேரம் பேசினார்களா என்றால், எங்கும் பதிவில்லை. ஓர் உறுமல், ஒரு தலையசைப்பு, ஆளுக்கொரு மூலை. பீல் கூச்சக்காரர், தனக்குப் பிடித்தவர்கள் முன்னால் நாக்கு எழாது. ஸ்மித்துக்கு நாக்கு எழும், ஆனால் எழாமலிருப்பதே எல்லாருக்கும் நல்லது. பந்தாட்டத்தில்கூட ஒருவர் லிவர்ப்பூல், இன்னொருவர் மான்செஸ்டர் சிட்டி. பேசியிருந்தால் 1979இலேயே முடிந்திருக்கும்.

போலன் விஷயத்தில் கெடுத்த வெற்றியும் இங்கே தொந்தரவு செய்யவில்லை. த ஃபால் இங்கிலாந்தின் ஒற்றைத்தட்டுப் பட்டியலில் தொட்ட உச்சம் 30ஆம் இடம், 1987இல். அதுவும் இன்னொருவர் பாடிய பழைய பாட்டை இவர்கள் பாடியது. முதலிடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுக்காமல் இருக்கிற அபாயம் ஸ்மித்திடம் என்றைக்குமே இல்லை. தொலைபேசி கட்டணம் கட்டாமல் துண்டிக்கப்பட்டிருந்தால்தான் உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்மித் பீலுக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தவர் இல்லை. பீல் அதை எதிர்பார்த்ததாகவும் இல்லை. நம்மிடம் ஒரு பாட்டை இரண்டு தரம் போட்ட அறிவிப்பாளர், மூன்றாவது தரம் மேடையில் தனக்குப் பொன்னாடை வரவில்லை என்றால் அந்தக் குழுவின் பெயரையே மறந்துவிடுவார். எந்த வானொலி என்று கேட்காதீர்கள். மின்னலும் ராகாவும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் கிட்டார் இருக்கிறது, கோபம் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. பொன்னாடைக்குக் காசில்லை.

2004 ஆகஸ்டில் 24ஆவது ஒலிப்பதிவு ஒலியேறியது. அந்த வருடத் தொடக்கத்தில் ஸ்மித் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டிருந்தார். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை நாற்காலியில் உட்கார்ந்தே முடித்தார். சாகப்போவது இவர்தான் என்று யாரும் பந்தயம் கட்டியிருப்பார்கள். ஆனால் அக்டோபர் 25ஆம் தேதி, பெரு நாட்டுக்குப் போயிருந்த பீல் அங்கே கஸ்கோ நகரில் மாரடைப்பால் இறந்தார். வயது 65. கஸ்கோ இன்காக்களின் பழைய தலைநகரம். போலனின் தட்டில் அட்டாவால்பாவின் பெயர் போட்ட பாட்டுக்குக் கதை வாசித்த மனிதர், 36 ஆண்டு கழித்து இன்காக்களின் ஊரிலேயே போய்ப் படுத்தார். பழைய நட்பு விடாது போலிருக்கிறது.

நாடே துக்கம் காத்தது. பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சியில் பீலைப் பற்றிப் பேச இருவரைப் பிடித்தார்கள். ஒருவர் அண்டர்டோன்ஸ் குழுவின் மைக்கேல் பிராட்லி. அவர்களுடைய 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டுத்தான் பீலுக்கு உயிர். 1978இல் அதை ஒரே மூச்சில் இரண்டு தரம் போட்டவர், கல்லறையில் அதிலிருந்து ஒரு வரி வேண்டும் என்றும் சொல்லிவைத்தவர். பிராட்லி ஒழுங்காக, மனம் நெகிழப் பேசினார். இன்னொருவர், மான்செஸ்டர் கூடத்திலிருந்து மார்க் ஈ. ஸ்மித்.

அந்தக் காட்சியை இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்தில் வராது. நிகழ்ச்சி நடத்திய கேவின் எஸ்லர் கறுத்த முகத்தோடு கேள்வி கேட்கிறார். ஸ்மித் நாக்கை உள்ளே வெளியே தள்ளுகிறார், கண்ணை உருட்டுகிறார். ஒலி வந்து சேருவதில் தாமதமா, தவரணையிலிருந்து வந்ததில் தாமதமா என்று தெரியவில்லை. புது அறிவிப்பாளர் நீங்கள்தானா என்று எஸ்லரைத் திருப்பிக் கேட்கிறார். நாங்கள் நண்பர்கள் ஒன்றும் இல்லை என்கிறார். கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 26 வருடம் வாழ்வு கொடுத்த மனிதர் செத்துக் கிடக்க, நன்றிகெட்டவன் என்ன பேச்சுப் பேசுகிறான் என்று வீட்டுக்கு வீடு திட்டினார்கள்.

ஆனால் அன்றைக்குத் தொலைக்காட்சியில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான் என்பது என் தீர்ப்பு. நண்பர்களாக இல்லாததால்தான் பீல் நேர்மையாகக் கேட்டார், பிடித்ததால் மட்டும் போட்டார் என்ற அர்த்தத்தில்தான் ஸ்மித் பேசினார். நாக்கை உள்ளே வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் துரை இறந்த செய்தி வந்தபோது பெரிய கிராணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடினார், வேட்டியை மடித்துக் கட்டினார், வீட்டுக்குப் போனார். லயத்தில் அழுதவர்கள் அவரைவிடத் துரையை அதிகம் தெரிந்தவர்கள் இல்லை.

அந்த வருட முடிவில் பீல் நிகழ்ச்சியின் நேயர்கள் வழக்கம்போல் ஆண்டின் 50 பாட்டுகளுக்கு வாக்களித்தார்கள். முதலிடம் த ஃபால் குழுவின் 'தீம் ஃப்ரம் ஸ்பார்ட்டா எஃப்.சி.'. அறிவிக்கப் பீல் இல்லை. அதே பாட்டைப் பந்தாட்ட முடிவுகள் சொல்லும் தன் நிகழ்ச்சிக்கு முகப்பிசையாக பிபிசி எடுத்துக்கொண்டது. 2005 நவம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த நிகழ்ச்சிக்கே ஸ்மித்தைக் கூப்பிட்டு முடிவுகளை வாசிக்கவும் வைத்தார்கள். குழுவில் ஆளை நீக்குகிற அதே குரலில் கோல் கணக்கை வாசித்தார். பந்தாட்டப் பித்தரான பீல் அதைக் கேட்க ஒரு வருடம் கூடுதலாக இருந்திருக்கலாம்.

ஸ்மித் 2017 நவம்பரில் கிளாஸ்கோவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கடைசிக் கச்சேரி செய்தார். 2018 ஜனவரி 24ஆம் தேதி 60 வயதில் இறந்தார். அவரும் பீலும் பேசிக்கொள்ளாமல் செய்த 24 ஒலிப்பதிவும் 6 தட்டுகள் கொண்ட பெட்டியாக 2005இலேயே வந்துவிட்டது. பெட்டியில் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

நம் வானொலித் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். பீடோரிலோ தாப்பாவிலோ நாலு பையன்கள் சுருதி சேராத கிட்டாரோடு தமிழில் கத்தி ஒரு பதிவை அனுப்பிவைத்தால், அவர்களைக் கூப்பிட்டுப் படம் எடுக்காதீர்கள். பாட்டை முழுசாகப் போடுங்கள், நடுவில் பேசாதீர்கள். அடுத்த வருடம் பாதி ஆள் மாறி இன்னொன்று அனுப்புவார்கள், அதையும் போடுங்கள். 24 வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.